மாட்-ஜேகே ஆவணத்தைப் புதுப்பிக்க இரண்டு சர்வர்களையும் ஏன் படிக்க வேண்டியிருக்கிறது

ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் டாம்கேட்டுக்கு முன்னால் அப்பாச்சி ஹெச்டிடிபி சர்வரை நிறுத்தி, வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை அது முதலில் வாங்கிக்கொண்டு உரியவற்றை மட்டும் டாம்கேட்டிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. இந்த ஒப்படைப்பைச் செய்யும் இணைப்பு மாட்யூல்தான் மாட்-ஜேகே. அதன் மூல நிரல் இப்போது மிக நிதானமாகவே மாறுகிறது. ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆண்டுகள் கழிவதுண்டு. இவ்வளவு நிலையான மென்பொருளின் ஆவணத்தை ஒருமுறை செம்மையாக எழுதிவிட்டால் போதும் என்று தோன்றலாம். நடைமுறை அப்படி இல்லை. இந்த ஆவணம் தன்னைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அப்பாச்சியை எப்படிக் கம்பைல் செய்திருக்க வேண்டும், டாம்கேட்டின் அமைவுக் கோப்பில் எது இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே மாட்யூலின் நிரலில் ஒரு வரிகூட மாறாத காலத்திலும், இரு பக்கமும் நிகழும் மாற்றங்களால் அதன் ஆவணம் தவறாகிவிடுகிறது. அந்தத் தவறு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பிரித்தறிவதே புதுப்பிக்கும் வேலையின் பெரும்பகுதி.

மாட்-ஜேகேயும் டாம்கேட்டும் பேசிக்கொள்ளும் நெறிமுறை ஏஜேபி எனப்படும்; அப்பாச்சி ஜேசர்வ் திட்டத்தின் காலத்தில் பிறந்தது. இன்று புழங்கும் 1.3 பதிப்பு, ஹெச்டிடிபி தலைப்புகளை உரையாக அனுப்பாமல், அடிக்கடி வரும் பெயர்களுக்கு எண்குறியீடுகளைப் பயன்படுத்தி இரும வடிவப் பாக்கெட்டுகளாக அனுப்புகிறது. ஒரு பாக்கெட்டின் முன்னிருப்பு உச்ச அளவு 8192 பைட். வழக்கமான போர்ட் 8009. பயனரின் பெயர், எஸ்எஸ்எல் சான்றிதழ் விவரம், கோரிக்கை எந்த முகவரியிலிருந்து வந்தது என்பன போன்றவற்றை அப்பாச்சி சொன்னபடியே டாம்கேட் நம்பி ஏற்றுக்கொள்ளும். இந்த நம்பிக்கையே நெறிமுறையின் வசதி. அதுவே அதன் ஆபத்தும் ஆகும். அமைவு ஆவணத்தில் பின்னால் வந்த பெரிய திருத்தங்களில் பல இங்கிருந்துதான் கிளம்பின.

இடையில் மாட்-ஜேகே2 என்றொரு மறுவடிவமும் முயன்று பார்க்கப்பட்டது. 2004 நவம்பர் 15 அன்று அதற்கான ஆதரவு முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெயரில் 2 இருப்பதால் அதுவே புதியது என்று கருதி, இன்றைய மாட்-ஜேகேயின் குறிப்புகளோடு அதன் அமைவுக் கோப்பைக் கலந்து எழுதிய வழிகாட்டிகள் நீண்ட காலம் சுற்றிவந்தன. அது முடிந்துபோன கிளை என்று முதல் பக்கத்திலேயே சொல்வது, எத்தனை ஆண்டு கழிந்தாலும், தேவையற்ற வேலை ஆகாது.

கம்பைல் செய்யும் பகுதியிலிருந்து தொடங்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் அது மூன்று கட்டளைகளில் முடிந்துவிடுகிறது: நேட்டிவ் என்ற அடைவுக்குள் போய், ஏபிஎக்ஸ்எஸ் என்ற அப்பாச்சிக் கருவி இருக்குமிடத்தைக் குறிப்பிட்டுக் கான்ஃபிகர் நிரலை இயக்குவது, மேக் கொடுப்பது, பிறகு நிறுவுவது. இதில் முதற்சிக்கல், வாசகர் கையில் இருப்பது எந்த மூலம் என்பதைப் பொறுத்தது. வெளியீட்டுத் தொகுப்பைப் பதிவிறக்கியவருக்குக் கான்ஃபிகர் நிரல் தயாராக உள்ளேயே இருக்கும். மூலக் களஞ்சியத்திலிருந்து நேரடியாக எடுத்தவருக்கு அது இருக்காது. அவர் முதலில் பில்ட்கான்ஃப் நிரலை இயக்க வேண்டும், அதற்கு ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் மூன்றும் கணினியில் வேண்டும். இந்த இரண்டு வழிகளையும் ஒரே பட்டியலாக எழுதி, நடுவில் ‘தேவைப்பட்டால்’ என்று ஒரு சொல்லைச் செருகிவிடுவது பழைய பழக்கம். தேவைப்படுமா என்பது வாசகருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் ஆவணத்தைத் திறந்திருக்கவே மாட்டார். இரண்டையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் மூலம் எங்கிருந்து வந்தது என்று எழுதுவதே சரியான முறை.

அடுத்தது ஏபிஎக்ஸ்எஸ். அப்பாச்சி எந்தக் கம்பைலரால், எந்தக் கொடிகளோடு, எந்த அடைவுகளுக்காகக் கட்டப்பட்டது என்ற விவரத்தைச் சுமந்து நிற்கும் பெர்ல் நிரல் அது. மாட்யூலும் அதே விவரத்தோடு கட்டப்பட வேண்டும் என்பதால்தான் கான்ஃபிகர் அதைக் கேட்கிறது. ஆனால் லினக்ஸ் விநியோகங்களில் அப்பாச்சியை நிறுவினால் ஏபிஎக்ஸ்எஸ் உடன் வந்துவிடுவதில்லை. மேம்பாட்டாளர்களுக்கான தனிப் பொதியில் இருக்கும். டெபியன் வழியில் அந்தப் பொதிக்கு ஒரு பெயர், ரெட்ஹேட் வழியில் வேறொரு பெயர். சில விநியோகங்களின் பழைய பதிப்புகளில் ஏபிஎக்ஸ்எஸ்2 என்ற பெயரும் இருந்தது. ஒரு கணினியில் விநியோகத்தின் அப்பாச்சியும் கையால் கட்டிய அப்பாச்சியும் சேர்ந்து இருந்தால், எந்த ஏபிஎக்ஸ்எஸ் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கேற்ற மாட்யூல் உருவாகும். அது மற்ற சர்வரில் ஏறாது, அல்லது ஏறிய பிறகு தடுமாறும். அப்பாச்சி 2.2-க்காகக் கட்டிய மாட்யூலை 2.4-இல் ஏற்ற முயன்றால், உள் இடைமுக எண் பொருந்தவில்லை என்று சர்வர் நேரடியாக மறுத்துவிடும். அப்படி மறுப்பது நல்லது. காரணம் உடனே தெரிந்துவிடுகிறது.

மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் தவறுதான் கொடியது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ப்ரீஃபோர்க் முறைக்காக மட்டும் கட்டுவதற்கென்று கான்ஃபிகர் நிரலில் உள்ள விருப்பம். அப்பாச்சி 2 வந்தபோது, கோரிக்கைகளைக் கையாளும் முறையை எம்பிஎம் என்ற தனிப் பகுதி தீர்மானித்தது. ப்ரீஃபோர்க்கில் ஒரு செயல்முறைக்கு ஓர் இழைதான் (த்ரெட்). ஈவென்ட் போன்றவற்றில் ஒரே செயல்முறைக்குள் பல இழைகள். மாட்-ஜேகேயை இயல்பாகக் கட்டினால் பல இழைகளுக்குப் பாதுகாப்பான நிரலே கிடைக்கும். ப்ரீஃபோர்க் விருப்பத்தைக் கொடுத்தால் இழைகள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் பூட்டுகள் விலக்கப்படும். அப்பாச்சி 2.2 வரை எம்பிஎம் என்பது சர்வரைக் கம்பைல் செய்யும்போதே நிலைபெற்றுவிடும் என்பதால், இந்த விருப்பத்தைப் பரிந்துரைப்பதில் பெரிய தீங்கு இருக்கவில்லை. 2012-இல் வந்த 2.4 அந்த அடிப்படையையே மாற்றியது. எம்பிஎம்மையும் ஏற்றக்கூடிய மாட்யூலாக்கி, அமைவுக் கோப்பில் ஒரு வரியை மாற்றினாலே முறை மாறும்படி செய்தது. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஆதரவு இருந்தால் ஈவென்ட்தான் முன்னிருப்பு என்றும் ஆக்கியது. இப்போது ப்ரீஃபோர்க்குக்காகக் கட்டிய மாட்-ஜேகே, ஈவென்ட் முறையில் ஓடும் சர்வருக்குள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போய் உட்காரலாம். சுமை குறைவான நாளில் எல்லாம் சரியாகத் தெரியும். சுமை ஏறும்போது இரண்டு இழைகள் ஒரே இணைப்பைத் தொடும் வாய்ப்பு எழும். அந்த விருப்பத்தின் விளக்கத்தில் ஓர் எழுத்தும் பிழையில்லை, ஆனால் அது நின்ற தரை நகர்ந்துவிட்டது. அதற்கு அருகிலேயே, சர்வர் இனி ஒருபோதும் வேறு எம்பிஎம்முக்கு மாறாது என்ற உறுதி இருந்தாலன்றி இதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதுவது ஆவணக்காரரின் கடமை என்று நான் கருதுகிறேன்.

இனி அமைவுப் பகுதி. இங்கே 2020 பிப்ரவரி ஒரு பெரிய பிளவுக்கோடு. கோஸ்ட்கேட் என்று பெயர் பெற்ற, சிவிஇ என்ற பொதுப் பட்டியலில் சிவிஇ-2020-1938 என்று பதிவான பாதுகாப்புக் குறை அப்போது வெளிப்பட்டது. அதற்கு முன்பு டாம்கேட்டை நிறுவிய கையோடு ஏஜேபி இணைப்பு 8009 போர்ட்டில், கணினியின் எல்லா வலையமைப்பு முகவரிகளிலும் திறந்திருக்கும். அந்தப் போர்ட்டை வெளியிலிருந்து எட்டக்கூடியவர், முன்னால் சொன்ன நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டு, தாமே அப்பாச்சி போல நடித்துச் சில கோரிக்கைப் பண்புகளை அனுப்பி, செயலிக்குள் இருக்கும் கோப்புகளைப் படிக்க முடிந்தது. டாம்கேட் 7.0.100, 8.5.51, 9.0.31 ஆகிய பதிப்புகள் இதை அடைத்தன. அடைத்த விதத்தில் முன்னிருப்புகள் பல ஒருசேர மாறின: ஏஜேபி இணைப்பு அமைவுக் கோப்பில் குறிப்புரையாக முடக்கப்பட்டது, முகவரி தரப்படாவிட்டால் உள்கணினி முகவரியில் மட்டுமே கேட்கும், ரகசியச் சொல் கட்டாயமாயிற்று, டாம்கேட் பக்கத்தில் அதற்கான பண்பின் பெயரும் மாறியது, அறியாத கோரிக்கைப் பண்புகளோடு வரும் கோரிக்கை 403 (அனுமதி இல்லை) என்று திருப்பி அனுப்பப்பட்டது.

இந்த மாற்றங்களில் எதுவும் மாட்-ஜேகேயின் நிரலில் நிகழவில்லை. ஆனால் ‘டாம்கேட் பக்கம் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, 8009 போர்ட் ஏற்கெனவே திறந்திருக்கிறது’ என்று கூறிய ஒவ்வொரு வழிகாட்டியும் ஒரே நாளில் பொய்யானது. அதைத் திருத்தும்போது ‘குறிப்புரைக் குறிகளை நீக்குங்கள்’ என்று மட்டும் எழுதினால் போதாது. அங்கே தரப்பட்ட மாதிரியில் ரகசியச் சொல் இல்லை. குறிகளை மட்டும் நீக்கினால், ரகசியம் கட்டாயம் ஆனால் கொடுக்கப்படவில்லை என்று சொல்லி அந்த இணைப்பு தொடங்கவே மறுக்கும். ரகசியத்தைச் சேர்த்த பிறகும் இன்னொரு தடை இருக்கிறது. மாதிரியில் முகவரி ::1 என்ற ஐபிவி6 வடிவில் எழுதப்பட்டிருக்கிறது, மாட்-ஜேகே எந்த டாம்கேட்டை அணுக வேண்டும் என்பதை வொர்க்கர் என்ற பெயரில் சொல்லும் வொர்க்கர்ஸ்.ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் வாசகர் 127.0.0.1 என்று எழுதியிருந்தால் இரண்டும் ஒரே கணினியைத்தான் குறிக்கின்றன என்றாலும் இணைப்பு மறுக்கப்படும். அப்பாச்சியின் பதிவில் இணைக்க முடியவில்லை என்று மட்டும் வரும். டாம்கேட்டின் பதிவிலோ எதுவும் இராது. இரண்டு கோப்புகளையும் அடுத்தடுத்து வைத்து, எந்த வரி எந்த வரியோடு பொருந்த வேண்டும் என்று காட்டும் முழு எடுத்துக்காட்டு ஒன்றே இதற்குத் தீர்வு. தனித்தனிப் பக்கங்களில் தனித்தனி வரிகளை விளக்கினால், பொருத்திப் பார்க்கும் பொறுப்பு வாசகர் தலையில் விழுகிறது.

ரகசியச் சொல் மாட்-ஜேகேக்குப் புதிதல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். வொர்க்கரின் பண்புப் பட்டியலில் கோஸ்ட்கேட்டுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அது இருந்தது. பத்தோடு பதினொன்றாக, விரும்பினால் பயன்படுத்தலாம் என்ற வகையில். 2020-க்குப் பிறகு அது முதல் எடுத்துக்காட்டிலேயே இடம்பெற வேண்டிய வரியாகிவிட்டது. அதேபோல், அப்பாச்சியின் சூழல் மாறிகளைக் கோரிக்கைப் பண்புகளாக டாம்கேட்டுக்கு அனுப்பும் ஜேகேஎன்வ்வார் கட்டளையின் விளக்கத்திலும் ஒரு வாக்கியம் சேர வேண்டும்: அனுப்பும் பெயர்களை டாம்கேட் பக்கம் அனுமதிக்கும் அமைவையும் எழுதாவிட்டால், கோரிக்கை முழுவதுமே 403 ஆகத் திரும்பும். ஒரு பண்பின் பொருள் அப்படியே இருக்க, அதன் இடம் மட்டும் மாறுவதை பண்புகளைப் பட்டியலிடும் குறிப்பு அட்டவணைகளால் காட்ட முடியாது. வழிகாட்டிப் பக்கங்களில்தான் காட்ட முடியும்.

முன்னிருப்பு மாறுவதால் வரும் சிக்கலுக்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. முன்னிருப்பு பாதுகாப்பானதாக மாறிய பின்னும், பழைய எடுத்துக்காட்டு அதை மீறிக்கொண்டே இருக்கும். அப்பாச்சி ஒரு முகவரியின் %20 போன்ற சதவீதக் குறியீடுகளை அவிழ்த்துப் பார்த்த பிறகு, அவிழ்த்த வடிவத்தையே மாட்-ஜேகே டாம்கேட்டுக்கு அனுப்பியது. டாம்கேட் அதை இரண்டாம் முறை அவிழ்த்தது. இருமுறை குறியீடாக்கிய முகவரியைக் கொண்டு, அப்பாச்சியின் கண்ணுக்கு ஓர் இடமாகவும் டாம்கேட்டின் கண்ணுக்கு வேறிடமாகவும் தெரியும்படி செய்ய முடிந்தது. சிவிஇ-2007-1860 என்று பதிவான இந்தக் குறைக்காக மாட்-ஜேகே 1.2.23 வெளியீட்டில் முன்னிருப்பு மாற்றப்பட்டது, 1.2.24 முதல், அவிழ்த்ததை மீண்டும் குறியீடாக்கி அனுப்பும் முறை முன்னிருப்பாயிற்று. ஆனால் அந்தக் காலத்து மாதிரி அமைவுகள் பலவற்றில், ஜேகேஆப்ஷன்ஸ் என்ற வரியில் பழைய முறையே வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. அந்த மாதிரியை நகலெடுத்தவர் புதிய வெளியீட்டுக்கு மாறினாலும் பழைய நடத்தையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறார். ஆகவே எடுத்துக்காட்டில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று கேட்க வேண்டும். முன்னிருப்பையே திரும்ப எழுதும் வரிக்கு மாதிரியில் இடமில்லை. நாளை முன்னிருப்பு மாறினால் அந்த வரி தடையாக நிற்கும்.

2023-இல் வந்த 1.2.49 இதே பாடத்தை வேறு வழியில் காட்டியது. அடைவுகளை அனுப்பும் விருப்பம் இயக்கப்பட்டிருந்து, எந்தக் கோரிக்கை எந்த வொர்க்கருக்கு என்று வெளிப்படையாகச் சொல்லப்படாத இடங்களில், மாட்யூல் தானாகவே முதல் வொர்க்கரைத் தேர்ந்து அனுப்பும் வழக்கம் இருந்தது. மாட்-ஜேகேயின் நிலைமையைக் காட்டும் உள்பக்கத்தின் வொர்க்கரே முதலாவதாக இருந்தால், அது எதிர்பாராமல் வெளியுலகுக்குத் திறந்துவிடும். சிவிஇ-2023-41081 என்று பதிவான இக்குறைக்குப் பின், எல்லா ஒப்படைப்பும் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும் என்றானது. வொர்க்கர்களின் வரிசைக்கு இருந்த மறைவான பொருளும் அத்தோடு போயிற்று.

அந்த நிலைமைப் பக்கத்துக்கான அணுகல் கட்டுப்பாடு அப்பாச்சி பக்கத்திலிருந்து பழசாகும் பகுதி. 2.2 வரை ஆர்டர், அலோ, டினை என்ற கட்டளைகளால் எழுதப்பட்டது, 2.4-இல் அதன் இடத்தை ரிக்வயர் எடுத்துக்கொண்டது. பழைய கட்டளைகள் ஒத்திசைவு மாட்யூல் ஒன்றின் துணையால் இன்னும் வேலை செய்யும். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு முறைகளும் கலந்தால் விளைவை ஊகிப்பது கடினம், எனவே ஆவணத்தில் ஒன்றே இருக்க வேண்டும். கூடவே 2018-இல் வெளிவந்த சிவிஇ-2018-11759-ஐயும் மறக்கக் கூடாது: முகவரியின் முடிவில் ஓர் அரைப்புள்ளியைச் சேர்த்தால் அப்பாச்சியின் கட்டுப்பாட்டுக்கு அது வேறு முகவரியாகவும், 1.2.44 வரையிலான மாட்-ஜேகேக்கு அதே நிலைமைப் பக்கமாகவும் தெரிந்தது. 2024-இல் வந்த 1.2.50, பகிர்வு நினைவகக் கோப்பின் அனுமதிகளை இறுக்கியது. அதற்கு முன்பு அதே கணினியின் பிற பயனர்கள் அதைப் பார்க்கவும் மாற்றவும் வழி இருந்தது. அந்தக் கோப்பைக் குறிப்பிடும் ஜேகேஎஸ்ஹெச்எம்ஃபைல் கட்டளை பற்றிய பகுதியில், கோப்பை எங்கே வைப்பது என்பதோடு யாருக்கு அனுமதி என்பதும் சேர வேண்டியதாயிற்று.

பாதுகாப்பைத் தாண்டி, நாள்தோறும் ஆட்களை அலைக்கழிப்பது நேர அலகுகள்தான். மாட்-ஜேகேயில் சாக்கெட் காத்திருப்பு வரம்பு விநாடியில். சாக்கெட் இணைப்பு வரம்பு மில்லிவிநாடியில். பதில் வரம்பு மில்லிவிநாடியில். பழுதான வொர்க்கரை மீண்டும் முயன்று பார்க்கும் இடைவெளி விநாடியில். இவை ஒரே கோப்பில் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. பயன்பாடின்றிக் கிடக்கும் இணைப்பை மாட்யூல் எத்தனை நேரத்தில் மூடும் என்பது விநாடியிலும், டாம்கேட் எத்தனை நேரத்தில் மூடும் என்பது மில்லிவிநாடியிலும் எழுதப்படுகின்றன. இரண்டும் பொருந்த வேண்டும் என்பதால் இங்கே 600 என்றால் அங்கே 600000. டாம்கேட்டின் ஏஜேபி இணைப்பில் இதன் முன்னிருப்பு வரம்பற்றது. ஒரு பக்கம் மட்டும் வரம்பு வைத்தால் மறுபக்கம் செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். நடுவில் தீச்சுவர் இருந்து, அதுவும் தன் வரம்பில் இணைப்பைச் சத்தமின்றி அறுத்தால், சிறிது நேரம் ஓய்ந்த பிறகு வரும் முதல் கோரிக்கை மட்டும் தோல்வியடையும் விசித்திரமான பழுது உண்டாகும். அலகு பண்புகளின் குறிப்பு அட்டவணைப் பக்கத்தில் எழுதப்பட்டிருப்பது உண்மைதான். எடுத்துக்காட்டுக் கோப்பில் அந்த வரிக்கு மேலேயே குறிப்புரையாக எழுதினால்தான் நகலெடுப்பவரோடு அது பயணம் செய்யும்.

பெயர் மாற்றங்கள் இவ்வளவு சிக்கலானவை அல்ல. இணைப்புகளின் எண்ணிக்கைக்கும், சுமைப் பகிர்வில் சேரும் வொர்க்கர் பட்டியலுக்கும், வொர்க்கரை நிறுத்தி வைப்பதற்கும் முன்பிருந்த பெயர்கள் கைவிடப்பட்டுப் புதியவை வந்தன. பழைய பெயர்களை நீக்கப்பட்டவை என்ற தலைப்பின் கீழ், எதனால் மாற்றப்பட்டது என்ற குறிப்போடு வைத்திருப்பது போதும். அவற்றை முற்றாக அழிப்பதை நான் ஏற்கவில்லை. பத்தாண்டு பழைய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பொருளைத் தேடுகிறவருக்கு வேறு கதியில்லை.

இந்த ஆவணங்கள் மூல நிரலோடு ஒரே களஞ்சியத்தில் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருந்து, ஆண்ட் கருவியின் மூலம் வலைப்பக்கங்களாக மாற்றப்படுகின்றன. நிரலைத் திருத்துபவர் அதே மாற்றத்தில் ஆவணத்தையும் மாற்றப் பதிவேட்டையும் திருத்தலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பெரும் நன்மை. ஆனால் டாம்கேட்டிலோ அப்பாச்சியிலோ நிகழ்ந்த மாற்றம் இந்தக் களஞ்சியத்துக்குத் தானாக வந்து சேராது. அவற்றின் வெளியீட்டுக் குறிப்புகளில் ஏஜேபி, எம்பிஎம், அணுகல் கட்டுப்பாடு ஆகியவை தொடர்பான வரிகளை யாராவது ஒருவர் தேடிப் படித்தாக வேண்டும்.

திருத்திய பக்கத்தைச் சரிபார்க்க, எதுவும் நிறுவப்படாத கணினியில் அதை வரிக்கு வரி பின்பற்றுவதைவிட நம்பகமான வழி இல்லை. அமைவு முடிந்ததும் ஒப்படைக்கப்பட்ட பாதைக்கு ஒரு கோரிக்கை, ஒப்படைக்கப்படாத பாதைக்கு ஒன்று, ரகசியச் சொல்லை வேண்டுமென்றே தவறாக எழுதி ஒன்று, மெய்நிகர் தளம் ஒன்றிலிருந்து ஒன்று என அனுப்பிப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம்: எந்தப் பாதை எந்த வொர்க்கருக்கு என்று சொல்ல முதன்மைச் சர்வரில் எழுதிய ஜேகேமவுண்ட் வரிகள், அவற்றை நகலெடுக்கும் ஜேகேமவுண்ட்காப்பி இயக்கப்படாத வரை மெய்நிகர் தளங்களுக்குப் போய்ச் சேராது, வாசகர்களோ பெரும்பாலும் மெய்நிகர் தளங்களைத்தான் வைத்திருப்பார்கள். இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் இரு சர்வர்களின் பதிவுகளிலும் என்ன வரி விழுந்தது என்பதை அப்படியே எடுத்து ஆவணத்தில் சேர்த்துவிடலாம்; பழுது வரும்போது வாசகர் தேடுவது பெரும்பாலும் அந்த வரியைத்தான்.